ஐஸ் மேல் ஒரு காசு

டிசம்பர் 4, திங்கள்

பால் மறுபடியும் திரிந்துவிட்டது. காபியில் ஊற்றிய பிறகுதான் தெரிந்தது. கேஸில் ஓடும் இந்தக் கிழட்டு ஃபிரிட்ஜுக்கு வண்டி துளியும் சாயாமல் நிற்க வேண்டும். அரை விரல் சாய்ந்தாலும் கோபித்துக்கொள்ளும். இந்த அரிசோனா பாலைவனத்தில் எந்த இடம் மட்டமாக இருக்கிறது? டெல்மர் காலையிலிருந்து சக்கரத்துக்கு அடியில் பலகை செருகிக்கொண்டிருக்கிறார்.

இருபத்தாறு வருஷம் மைனாட் ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள் நான். முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டேன், ஒரு பிள்ளைக்கும் வயிறு வலித்ததில்லை. இப்போது இரண்டு பேருக்குப் பால் கெடாமல் வைத்துக்கொள்ள முடியவில்லை. வெட்கக்கேடு.

இது பதினோராவது குளிர்காலம். வீட்டை விற்று, உள்ளேயே அடுப்பு, படுக்கை எல்லாம் இருக்கிற இந்த வண்டியை வாங்கினோம். அக்டோபரில் வட டகோட்டாவிலிருந்து கிளம்புவது, ஏப்ரல் வரை இங்கே சர்க்கார் நிலத்தில் கரன்ட் கம்பி, குழாய் எதுவும் இல்லாமல் வெயிலை நம்பி இருப்பது, கோடைக்கு பிஸ்மார்க்கில் மகள் ஜோலீன் வீட்டு வாசலில் போய் நிற்பது. போன மார்ச்சில் டெல்மர் சொன்னார்: “இன்னும் ஒரு வருஷம் ஆர்லிஸ், அதோட போதும்.” அந்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஜோலீன் கீழ் அறைக்குப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறாள். ஒரு ஜன்னல், நகராத தரை. அக்கடா என்று உட்கார வேண்டும்.

இடுப்பு வலி. தண்ணீர் பம்ப், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைத்தாயிற்று. படுக்கிறேன்.

டிசம்பர் 9, சனி

எங்கள் டிரக்கில் யூமா டவுனுக்கு நட்டு போல்ட்டு வாங்கப் போன மனுஷன் ஃபிரிட்ஜ் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டு ஃபிரிட்ஜ். கரன்ட்டில் ஓடுவது. வெள்ளை வெளேர் என்று, என் உயரத்துக்கு.

“பாரு ஆர்லிஸ்! இனிமே பலகையும் வேண்டாம், கேஸும் வேண்டாம். மேலே இன்னும் ரெண்டு சோலார் தகடு, நல்ல பேட்டரி நாலு. ஐஸ்கிரீம்கூட வெச்சுக்கலாம்.”

வீடே இல்லாதவளுக்கு வீட்டு ஃபிரிட்ஜ். இதைவிட என்ன கிண்டல் வேண்டும்? நிறுத்தப்போகிற மனுஷன் ஃபிரிட்ஜ் வாங்குவாரா? “இன்னும் ஒரு வருஷம்” என்றது என்ன ஆயிற்று? இதெல்லாம் தொண்டை வரை வந்தது. வாயில் வந்தது வேறு:

“வாசல்ல நுழையாது.”

“ஜன்னலைக் கழட்டிடலாம்” என்றார். எல்லாவற்றையும் யோசித்துத்தான் வைத்திருக்கிறார், என்னைக் கேட்பதைத் தவிர.

டிசம்பர் 10, ஞாயிறு

பேசவில்லை.

டிசம்பர் 15, வெள்ளி

இன்றைக்கு எங்கள் வண்டி முன்னால்தான் திருவிழா. இங்கே ஒரு வழக்கம் — கேட்காமல் யாரும் உதவிக்கு வரமாட்டார்கள், ஆனால் கேட்காமலே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வேடிக்கை பார்ப்பார்கள். தினமும் நாலு மணிக்குக் கூடுகிற கூட்டம் இன்று இரண்டு மணிக்கே வந்துவிட்டது. கையில் பீர், வாயில் யோசனை.

வேலை செய்தது டெல்மரும் பக்கத்து வண்டி டுவேனும் மட்டும்தான். டுவேன் ஐடஹோக்காரர், லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், ஓய்வில்லாத வாய். ஜன்னலைக் கழற்றி, பழையதை அதன் வழியாக வெளியே தள்ளினார்கள். அது போன இடத்தில் பதினோரு வருஷத்துத் தூசியும் நான் தேடிக்கொண்டிருந்த ஒரு கரண்டியும் கிடந்தன. கேஸ் குழாய்க்கு டெல்மர் மூடி போட்டு, சோப்புத் தண்ணீர் தடவி மூன்று முறை பார்த்தார். வெளிக்காற்று வரும் துவாரத்தை அடைத்தார். அப்புறம் வெள்ளைக்காரி ஜன்னல் வழியாக உள்ளே வந்தாள். அதற்கு மட்டும் ஐந்து பேர் தாங்கினார்கள், பதினைந்து பேர் கத்தினார்கள்.

“அண்ணே, இனி இவளை வெளியே எடுக்கணும்னா வண்டியைத்தான் உடைக்கணும்” என்றார் டுவேன். “கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரிதான்.”

அப்புறம் என்னிடம் திரும்பினார். “அக்கா, ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க. ராத்திரி இன்வெர்ட்டரை அணைச்சிடாதீங்க. இது ராப்பகலா ஓடணும். நம்ம கூட்டத்துல எல்லாரும் பண்ற தப்பு அதுதான். பேட்டரி மிச்சம் பிடிச்சே பழகின கை, சும்மா இருக்காது.”

“அதை அவர்கிட்ட சொல்லுங்க” என்றேன்.

டுவேன் சொல்லித்தான் ஃபிரீசரில் ஒரு குவளையில் தண்ணீர் வைத்து, உறைந்ததும் ஐஸ் மேல் ஒரு காசு வைத்திருக்கிறேன். காசு மேலேயே இருந்தால் எல்லாம் சரி. உள்ளே முங்கியிருந்தால், நாம் பார்க்காத நேரத்தில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, சாப்பாட்டைத் தூக்கிப் போட வேண்டும் என்று அர்த்தம். இருபத்தாறு வருஷம் சமையலறையில் இருந்தும் இது எனக்குத் தெரியாமல் போயிற்றே.

டிசம்பர் 17, ஞாயிறு

ஐஸ்கிரீம் கல் மாதிரி இருந்தது. டெல்மர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லாத்தான் இருக்கு” என்றேன். ஒரு சிரிப்பு சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

டிசம்பர் 25, திங்கள்

பண்டிகை. பன்றித்தொடை வாட்டினேன், உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டேன். டுவேன் சாப்பிட வந்தார். ரொட்டியை நீட்டும்போது டெல்மர் அவரை “எல்மர்” என்று கூப்பிட்டார். எல்மர் இவருடைய அண்ணன். செத்து ஒன்பது வருஷம். எல்லோரும் சிரித்தார்கள், டெல்மரும்தான். என் கையில் இருந்த தட்டு கனத்தது.

ஜனவரி 3, புதன்

காலையில் வெண்ணெய் குழைந்து கிடந்தது. ஃபிரிட்ஜில் சத்தம் இல்லை, உள்ளே விளக்கு இல்லை. போய்ப் பார்த்தால் இன்வெர்ட்டர் அணைந்திருக்கிறது.

“நீங்களா அணைச்சீங்க?”

கொஞ்ச நேரம் யோசித்தார். “நானாத்தான் இருக்கும்.”

ஜனவரி 7, ஞாயிறு

மறுபடியும். இந்த முறை கத்திவிட்டேன். “டுவேன் படிச்சுப் படிச்சு சொன்னாரா இல்லையா? ஒரு ஸ்விட்சு! ஒரே ஒரு ஸ்விட்சு!” போய்ப் போட்டார். சாயங்காலம் வரை வெளியே உட்கார்ந்திருந்தார். கத்தியிருக்க வேண்டாம்.

ஜனவரி 9, செவ்வாய்

மூக்குக் கண்ணாடியைத் தேடினார். தலையில் இருந்தது. குறித்து வைக்கிறேன்.

ஜனவரி 11, வியாழன்

அடுப்பில் காபிப் பாத்திரத்தை வைத்துவிட்டு சோலார் தகட்டைத் துடைக்கக் கூரை ஏறிவிட்டார். பாத்திரம் கரி. அண்ணன் பெயர், கண்ணாடி, காபி, ஸ்விட்சு. எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் அடுப்பு, அப்புறம் பெயர்கள். கடைசி நாலு வருஷம் என்னைப் பார்த்து “நீ யாரும்மா, நல்ல பொண்ணா இருக்கியே” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கேஸும் பேட்டரியும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஆஸ்பத்திரியும் இல்லாத இந்த வனாந்தரத்தில், அப்படி ஒருவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

ஜனவரி 14, ஞாயிறு

விடிந்ததும் இரண்டு பேரும் சந்தைக்குப் போய்விட்டோம். திரும்ப நாலு மணி. கதவைத் திறந்ததுமே தெரிந்தது, ஃபிரிட்ஜின் அந்த முனகல் இல்லை. ராத்திரியிலிருந்தே அணைந்து கிடந்திருக்கிறது. குவளையைப் பார்த்தேன். அரைவாசி தண்ணீர், காசு அடியில் கிடக்கிறது. கோழி, பன்றித்தொடையில் மிச்சம், ஜோலீன் அனுப்பிய மான் கறி — எல்லாவற்றையும் பையில் போட்டுக் கட்டினேன்.

“நான்தான், ஆர்லிஸ். மறந்துட்டேன்” என்றார், நான் கேட்பதற்கு முன்னாலேயே. இந்த முறை யோசிக்கக்கூட இல்லை.

நான் கத்தவில்லை. கத்துவதற்குத் தெம்பு இல்லை. வண்டிக்குப் பின்னால் போய் ஜோலீனுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். “நான் வர்றேம்மா” என்றாள்.

ஜனவரி 21, ஞாயிறு

ஜோலீன் வந்துவிட்டாள். பீனிக்ஸ் வரை விமானம், அங்கிருந்து வாடகைக் கார். அப்பாவை உட்கார வைத்துச் சொன்னாள்: டாக்டரைப் பார்க்க வேண்டும், வண்டியை விற்றுவிட வேண்டும், கீழ் அறை தயாராக இருக்கிறது. நான் பெரிய சண்டையை எதிர்பார்த்து மனசைக் கெட்டியாக்கி வைத்திருந்தேன். டெல்மர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“சரி. அம்மாவுக்கு எது நல்லதோ அதைச் செய்யலாம்” என்றார்.

அவ்வளவுதான். மூன்று வருஷமாக நான் கேட்கத் துணியாதது ஒரே வார்த்தையில் கிடைத்துவிட்டது. உண்மையை இங்கேயாவது எழுத வேண்டும்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் புத்தி போகிறது என்று அழுதது நிஜம். அதைச் சாக்காக வைத்து வீடு போய்ச் சேரலாம் என்று உள்ளுக்குள் ஒருத்தி மூட்டை கட்டிக்கொண்டிருந்ததும் நிஜம். சீ, என்ன பொம்பளை நான்!

ஜனவரி 24, புதன்

யூமாவில் டாக்டர். கடிகாரம் வரையச் சொன்னார்கள், ஐந்து வார்த்தை சொல்லித் திரும்பக் கேட்டார்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். முப்பதுக்கு இருபத்தெட்டு. “எழுபத்தொரு வயசுக்கு ரொம்ப நல்லா இருக்கு” என்றார் டாக்டர். ஜோலீன் என்னைப் பார்த்தாள். “நல்ல நாள் இருக்கும், கெட்ட நாள் இருக்கும்” என்றேன். எனக்குத் தெரியும், அம்மாவிடம் பார்த்திருக்கிறேன்.

வெளியே வரும்போது டெல்மர் மெதுவாகக் கேட்டார்: “வந்தது வந்துட்டோம். நீயும் ஒரு தடவை பாத்துக்கயேன்?”

“என் தலையில ஒரு கோளாறும் இல்ல. உங்களோடத முதல்ல பாருங்க” என்று வெடுக்கென்று சொன்னேன். 

ஜனவரி 28, ஞாயிறு

ஜோலீன் கிளம்பிவிட்டாள். ஏப்ரலில் நாங்கள் வருகிறோம். வண்டியை விற்கிற விளம்பரத்தை டெல்மரே எழுதினார். “ஃபிரிட்ஜ் புதிது” என்று முதல் வரி.

பிப்ரவரி 6, செவ்வாய்

எழுத்துக் கோணலாக வருகிறது. பரவாயில்லை.

காலை பத்து மணி. டெல்மர் தண்ணீர் பிடிக்க ஊருக்குள் போயிருந்தார். நான் துணி துவைக்கக் கிளம்பினேன், டுவேன் காரில் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார். மூட்டையைத் தோளில் போட்டேன், தொப்பியை எடுத்தேன், வாசல் பக்கம் ஸ்விட்சுப் பலகை மேல் கையை ஓட்டினேன், இறங்கப் போனேன். பின்னால் ஏதோ நின்றுபோன மாதிரி இருந்தது. அந்த முனகல். ஃபிரிட்ஜின் முனகல்.

திரும்பிப் பார்த்தேன். பம்ப் அணைந்திருக்கிறது. பக்கத்திலேயே இன்வெர்ட்டர். அதுவும் அணைந்திருக்கிறது. என் விரல் இன்னும் அது மேலேயே இருக்கிறது.

நான்தான். ஐயோ, நான்தான்! பதினோரு வருஷமா படுக்கும்போதும் கிளம்பும்போதும் ரெண்டையும் சேர்த்து அணைச்ச கை. டக், டக். நான் சொல்லல, நான் நினைக்கல, அதுவே பண்ணுது. ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்திரிக்கிறேன், பம்பைப் போடுறேன், அணைக்கிறேன் — பக்கத்துல இருக்கிறதையும் சேர்த்தா? தூக்கக் கலக்கத்துல? எத்தனை ராத்திரி? அந்த வெண்ணெய், கோழி, மான் கறி எல்லாம் நான். தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு சும்மாவா சொன்னாங்க!

அந்த மனுஷனை இழுத்துக்கொண்டு போய்க் கடிகாரம் வரைய வைத்தேன்.

துவைக்கப் போகவில்லை. டுவேன் ஹாரன் அடித்தார். தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

பிப்ரவரி 6, சாயங்காலம்

சொல்லிவிட்டேன். தண்ணீர்க் கேனை இறக்கி வைப்பதற்குள் வாசலிலேயே சொல்லிவிட்டேன். “டெல்மர், அது நீங்க இல்ல. நான்தான் அணைச்சிருக்கேன்.”

கேனைக் கீழே வைத்தார். “தெரியும்.”

“தெரியுமா? எப்போலேர்ந்து?”

“ஜனவரி பன்னெண்டு. முழிச்சுதான் படுத்திருந்தேன். நீ எழுந்து போன, பம்பை அணைச்ச, அதையும் அணைச்ச, கண்ணைத் திறக்காமலே வந்து படுத்துட்ட. அப்புறம் நான் தினமும் எழுந்து போட்டுட்டு வருவேன். சில நாள் தூங்கிப் போயிடுவேன். அன்னைக்கெல்லாம் கெட்டுப் போயிடும்.”

“யோவ், அப்புறம் ஏன்யா ‘நான்தான்’னு சொன்ன? ஏன் அந்த டாக்டர்கிட்ட வந்த?” — நீங்களும் இல்லை, வாங்களும் இல்லை, கத்தினேன்.

நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “உங்கம்மா ஞாபகம் வந்துச்சு. உனக்கும் அப்படித்தான் ஆகுதோன்னு பயந்துட்டேன். உன்கிட்ட சொன்னா நீ உடைஞ்சு போயிடுவ. ஜோலீன் பக்கத்துல இருந்தா உனக்கு நல்லதுன்னு பட்டுச்சு. நான் பைத்தியம்னு சொல்லித்தான் போகணும்னா, அப்படியே போவோமேன்னு விட்டுட்டேன்.”

நான் அவர் புத்தி போகிறது என்று பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் எனக்காக எழுந்து ஸ்விட்சு போட்டுக்கொண்டிருந்தார். அழுகை நிற்கவில்லை. அழுதுகொண்டே, நிறுத்தினால் மறுபடி தைரியம் வராது என்று மிச்சத்தையும் சொன்னேன். எனக்கு அலுத்துவிட்டது. இந்தத் தூசி, இந்தத் தண்ணீர்க் கேன், இந்த ஏணிப்படி, எல்லாம் அலுத்துவிட்டது. மூன்று வருஷமாக அலுத்துவிட்டது. யாருக்குப் புத்தி போனாலும் போகாவிட்டாலும் நான் வீடு போக வேண்டும்.

அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை, ஆச்சரியம்.

“இதை ஏன் சொல்லல?”

“எத்தனை தடவை சொன்னேன்!”

“நீ சொன்னதெல்லாம் ஃபிரிட்ஜைப் பத்தி, ஆர்லிஸ். பால் கெட்டுப்போச்சு, கறி கெட்டுப்போச்சு, இந்த ஃபிரிட்ஜோட மாரடிக்க முடியலன்னு. உன் கஷ்டமெல்லாம் ஃபிரிட்ஜுதான்னு நெனச்சேன். அதான் நல்லதா ஒண்ணு வாங்கினேன்.”

நாற்பத்தாறு வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறோம்.

“உங்களுக்கு அலுக்கலையா?” என்று கேட்டேன்.

“எனக்கு அலுக்கல” என்றார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, “தனியா இங்க உக்காந்து அந்த ஃபிரிட்ஜோட நான் என்ன பேசிட்டு இருக்கப் போறேன்?” என்றார்.

பிப்ரவரி 7, புதன்

இன்வெர்ட்டர் ஸ்விட்சு மேல் ஒரு பாட்டில் மூடியை வைத்து டேப் ஒட்டியிருக்கிறார். பேனாவால் எழுதியிருக்கிறார்: ‘கையே, போய்த் தூங்கு.’

பிப்ரவரி 13, செவ்வாய்

நானே கேட்டு யூமாவுக்குப் போனேன். கடிகாரம் வரைந்தேன். முப்பதுக்கு இருபத்தொன்பது. “பழக்கம்தாம்மா, வியாதி இல்ல” என்றார் டாக்டர். திரும்பும் வழி முழுக்க டெல்மரிடம் அந்த ஒரு மார்க்கைச் சொல்லிக்காட்டிக்கொண்டே வந்தேன். அவர் சிரித்துக்கொண்டே ஓட்டினார். ஒரு இடத்தில் ஓரமாக நிறுத்தி மூக்கைச் சிந்திவிட்டு, தூசி என்றார்.

மார்ச் 9, சனி

காசு மேலேயே இருக்கிறது. முப்பத்தொரு நாளாக.

ஏப்ரல் 12, வெள்ளி

கிளம்புகிறோம். டுவேன் என் கையை விடவே இல்லை. “அடுத்த வருஷம் இந்த இடத்துல யார் வந்தாலும் எனக்குப் பிடிக்காது, அக்கா.” அவருக்கு ஒரு பெரிய பாத்திரம் நிறைய உருளைக்கிழங்கும் கறியும் சுட்டுக் கொடுத்தேன். வண்டி வாசலில் நாங்கள் வைத்திருந்த, எங்கள் பெயர் எழுதிய கல்லை டெல்மர் எடுக்காமல் அங்கேயே விட்டுவிட்டார்.

மே 4, சனி. பிஸ்மார்க்.

வண்டி போயிற்று. வாங்கியது சின்ன வயசு ஜோடி, ஒரு நாய். அந்தப் பெண் உள்ளே எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பாட்டில் மூடியைப் பார்த்துவிட்டு, “இது எதுக்கு ஆன்ட்டி?” என்றாள்.

“ராத்திரி இதை அணைக்கக் கூடாது. ஒருவேளை அணைஞ்சிருந்தா ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்காதீங்க. முதல்ல குவளையைப் பாருங்க” என்றேன். அது எப்படி என்று காட்டினேன். காசை அவளிடமே விட்டுவிட்டேன்.

வண்டி தெருமுனை திரும்பும் வரை டெல்மர் நின்றார். அப்புறம் துடைப்பத்தை எடுத்து, அது நின்றிருந்த இடத்தைக் கூட்டினார். அங்கே குப்பை ஒன்றும் இல்லை. நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காபி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மே 12, ஞாயிறு

தரை நகரவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு லைலாக் செடி. நன்றாகத் தூங்குகிறேன். ஆனாலும் படுக்கும் முன்னால் கை சுவரைத் தடவுகிறது.

மத்தியானம் பட்டாணி எடுக்க ஜோலீனின் ஃபிரிட்ஜில் ஃபிரீசரைத் திறந்தேன். மேல் தட்டில், பட்டாணிப் பைக்குப் பின்னால், ஒரு காகிதக் குவளை. நிறைய ஐஸ். அதன் மேல் ஒரு காசு. இந்த வீட்டில் கரன்ட் போய் எத்தனை வருஷமோ.

ஜோலீன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “இது என்னம்மா? எடுத்துடவா?”

“உங்கப்பாவோடது. இருக்கட்டும்” என்றேன்.

பட்டாணியை எடுத்துக்கொண்டு, குவளையைக் கொஞ்சம் முன்னால், அவர் குனியாமல் பார்க்கிற மாதிரி நகர்த்தி வைத்தேன்.